இரண்டாம் பாடமாக இலக்கியம்: பழனி மலைத்தொடரிலிருந்து ஒரு நோக்கு

பட்டப்படிப்புக்கு வரும் ஒரு மாணவி இயற்பியலையோ தாவரவியலையோ வரலாற்றையோ தன் துறையாகக் கொண்டு, அதனோடு ஆங்கில இலக்கியத்தையும் எழுத்துப் பயிற்சியையும் அளவான பங்கில், ஆனால் முறையாகவும் தொடர்ச்சியாகவும் பயில்வதையே துணைப்பாடப் படிப்பு என்று இச்சொற்பொழிவு குறிக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேஜர், மைனர் என்று இணையாக வழங்கிவரும் இம்முறை, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகத்தின் வழியாக இந்தியாவிலும் அதிகாரபூர்வமான இடத்தைப் பெற்றது. அச்சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குரிய 120 கிரெடிட்டுகளில் 24-உம், நான்காண்டுப் பட்டத்துக்குரிய 160 கிரெடிட்டுகளில் 32-உம் துணைப்பாடத்துக்கு ஒதுக்கப்படுகின்றன. கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்கு வாரந்தோறும் செலவாகும் வகுப்பு நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படும் அளவு. மொத்தப் படிப்பில் ஐந்தில் ஒரு பங்கு என்பது சிறிய இடமன்று. ஒரு துறையின் சிந்தனை முறை மனத்தில் வேரூன்றுவதற்கு அது போதும்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் அமைப்பு இதிலிருந்து வேறுபட்டது. 2008ஆம் ஆண்டையொட்டி விருப்பத்தேர்வுக் கிரெடிட் முறை பரவலாக நடைமுறைக்கு வந்தபின், இளநிலைப் பட்டம் ஐந்து பகுதிகளாக வகுக்கப்பட்டது. முதற்பகுதியில் தமிழ் அல்லது பிறிதொரு மொழி, இரண்டாம் பகுதியில் ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் முதன்மைப்பாடமும் 'அல்லைடு' என்று மாணவர்கள் வழங்கும் சார்புப்பாடங்களும், நான்காம் பகுதியில் பிற துறையிலிருந்து எடுக்கும் சிறிய விருப்பப்பாடமும் திறன் பாடங்களும், ஐந்தாம் பகுதியில் நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணிகளும் அடங்குகின்றன. இவ்வமைப்பில் அல்லைடு என்பது துறைக்கு அண்டை வீட்டுப் பாடமாகவே அமைகிறது: இயற்பியல் மாணவிக்குக் கணிதமும் வேதியியலும், ஆங்கில இலக்கிய மாணவிக்கு இங்கிலாந்தின் சமூக வரலாறோ ஆங்கில இலக்கிய வரலாறோ வாய்க்கின்றன. இயற்பியல் மாணவி இலக்கியத்தை அணுக விரும்பினால், மொழித்திறனையே பெரிதும் நோக்கமாகக் கொண்ட இரண்டாம் பகுதியும், இரு பருவங்களில் முடிந்துவிடும் நான்காம் பகுதியின் விருப்பப்பாடமுமே அவளுக்குத் திறந்திருக்கின்றன. இரண்டும் பயனற்றவை அல்ல; எனினும் ஒரு நாவலை முழுமையாக வாசித்து, அதைப் பற்றி எழுதி, எழுதியதைத் திருத்தி, மீண்டும் எழுதும் அளவுக்கு இரண்டிலும் காலம் இல்லை. மானியக் குழுவின் சட்டகம் தேசியக் கல்விக் கொள்கையைச் சார்ந்தது என்பதும், தமிழ்நாடு அரசு அக்கொள்கையை ஏற்கவில்லை என்பதும் யாவரும் அறிந்தவை. ஆயினும் இலக்கியத் துணைப்பாடத்தின் தேவையை அந்த ஒரு கொள்கையோடு பிணைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அத்தேவை அதற்கு மிகவும் முற்பட்டது.

ஆங்கில இலக்கியம் ஒரு தனித்துறையாக இறுகியது அண்மைக் காலத்தில்தான் என்பதை நினைவிற்கொள்வது இங்கே உதவும். ஆக்ஸ்போர்டில் ஆங்கிலத்துக்கெனத் தனிப் பட்டப்படிப்பு 1894-இலும், கேம்பிரிட்ஜில் 1917-இலுமே நிறுவப்பட்டன. அதற்கு நெடுங்காலம் முன்பே, ஆங்கிலக் கல்வியை வற்புறுத்திய 1835ஆம் ஆண்டின் மெக்காலே குறிப்பையும் 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதையும் அடுத்து, இந்திய மாணவர்கள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தனர். ஆங்கில இலக்கியக் கல்வி இங்கிலாந்தில் நிலைபெறுவதற்கு முன் குடியேற்ற இந்தியாவில் நிலைபெற்றதையும், ஆட்சிக்கு இணக்கமான மனங்களை உருவாக்கும் நோக்கம் அதன் பின்னே இருந்ததையும் கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். அந்நோக்கத்தை மறைக்கவும் கூடாது, மறக்கவும் கூடாது. ஆனால் அக்காலத்து மாணவர்களில் பெரும்பாலோர் வழக்குரைஞராகவோ ஆசிரியராகவோ அரசு அலுவலராகவோ ஆகவிருந்தவர்கள் என்பதும், இலக்கியம் அவர்களில் எவருக்கும் தனியுரிமைத் துறையாக இருக்கவில்லை என்பதும் இங்கே கருதத்தக்கவை. ஆட்சியாளர் எதிர்பாராத விளைவுகள் இந்தப் பொதுவாசிப்பிலிருந்தே பிறந்தன.

அவ்விளைவுகளில் ஒன்று பழனி மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையின் கீழே உள்ள வத்தலக்குண்டில் 1872-இல் பிறந்த பி. ஆர். ராஜம் ஐயர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடராக எழுதினார். தமிழ் நாவலின் தொடக்கக் காலச் சாதனைகளுள் ஒன்றான அந்நூலை எழுதிய அதே கை, 1896-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பிரபுத்த பாரதா என்னும் ஆங்கில இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்று, வேதாந்தம் பற்றிய கட்டுரைகளையும் கதைகளையும் ஆங்கிலத்தில் எழுதிக் குவித்தது. 1898-இல், இருபத்தாறு வயதில் அவர் மறைந்தார். கல்லூரியில் பெற்ற ஆங்கில வாசிப்பு அவரைத் தமிழிலிருந்து அகற்றிவிடவில்லை. ஒரு வீட்டின் பேச்சையும் ஊரின் வம்பையும் உரைநடையில் நிறுத்திக் காட்டும் துணிவை அது அவருக்குக் கொடுத்தது என்று கொள்வதே பொருந்தும். மணிக்கொடி இதழோடு பெயர் இணைந்த பி. எஸ். ராமையாவும், 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவும் வத்தலக்குண்டுக்காரர்களே. ஒரு படைப்பின் சொல்லமைப்பையும் உத்தியையும் கூறுகூறாகப் பிரித்து ஆராயும் அலசல் விமர்சனத்தைச் செல்லப்பா வற்புறுத்தியதில், ஆங்கிலத் திறனாய்வு நூல்களை அவர் ஊன்றி வாசித்ததன் தடம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு சிற்றூர் இத்தகைய மூவரைத் தந்திருப்பது வியப்புக்குரியது.

இலக்கியம் ஒருவருக்கு இரண்டாம் பாடமாக இருப்பதன் பொருளை மிகச் செறிவாக உணர்த்தும் வாழ்க்கை, மலையின் உச்சியில், கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தில் வாழப்பட்டது. 1899-இல் நிறுவப்பட்ட அவ்வாய்வகத்துக்கு 1907-இல் ஜான் எவர்ஷெட்டும் அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் வந்து சேர்ந்தனர். 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் உள்ள அரைநிழற்பகுதியில் வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியைக் கொண்டு ஜான் எவர்ஷெட் கண்டறிந்தார். எவர்ஷெட் விளைவு என்னும் பெயரில் அது இன்றும் வானியல் மாணவர்களுக்குப் பாடமாக உள்ளது. மேரி எவர்ஷெட்டும் வானியலாளரே. சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தீப்பிழம்புகள் போன்ற சுடர்க்கொழுந்துகளைப் பற்றி ஆய்வகம் வெளியிட்ட நீண்ட ஆய்வுரையில் கணவரோடு இணையாசிரியராக விளங்கியவர். ஆயினும் இளமையில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் வாழ்ந்த காலத்தில் அவரைப் பற்றிக்கொண்ட தாந்தே என்னும் கவிஞரின் ஈர்ப்பு அவரை விட்டு நீங்கவேயில்லை. கொடைக்கானலில் வாழ்ந்துகொண்டே, தாந்தேவையும் பண்டைய வானியலாளர்களையும் பற்றிய பெருநூல் ஒன்றை அவர் எழுதி முடித்தார். 1914ஆம் ஆண்டளவில் அது இலண்டனில் வெளிவந்தது.

அந்நூலின் தன்மை ஊன்றி நோக்கத்தக்கது. தாந்தேயின் பெருங்காப்பியம் நரகம், கழுவாய்மலை, சொர்க்கம் ஆகிய மூவுலகப் பயணத்தைச் சொல்வது. அதன் மூன்று பகுதிகளும் விண்மீன்களைக் குறிப்பிட்டே முடிகின்றன. பயணியின் நேரமும் திசையும் கதிரவனின் இருப்பையும் விண்மீன் கூட்டங்களின் எழுச்சியையும் கொண்டு சொல்லப்படுகின்றன. பூமியை நடுவில் வைத்த தாலமியின் அண்ட அமைப்பை அறியாத இலக்கிய வாசகர் இவ்விடங்களை அலங்காரம் என்று தாண்டிச் சென்றுவிடக்கூடும். கவிதையை மதிக்காத வானியலாளர் அவற்றைக் காலாவதியான அறிவியல் என்று ஒதுக்கிவிடக்கூடும். மேரி எவர்ஷெட் இரண்டையும் செய்யவில்லை. கிரேக்கரிடமிருந்து அரபியர் வழியாக இடைக்கால ஐரோப்பாவுக்கு வந்துசேர்ந்த வானறிவின் வரலாற்றைக் கூறி, அவ்வறிவு ஒரு கவிஞனின் கற்பனைக்கு எவ்வாறு எலும்புக்கூடாக அமைந்தது என்பதை அவர் விளக்கினார். அவருக்குத் தாந்தே ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று சொல்வது அந்நூலுக்குச் செய்யும் அநீதியாகும். முதன்மைத்துறையில் பெற்ற துல்லியமே இரண்டாம் துறைக்குள் அவர் நுழைந்த வாயில். அந்த வாயில் இலக்கியத்தை மட்டுமே கற்றவர்க்கு அவ்வளவு எளிதில் திறந்திருக்காது. துணைப்பாடத்தைக் குறைக்கப்பட்ட முதன்மைப்பாடமாக எண்ணுவோர் தவறவிடும் உண்மை இதுதான்: இரண்டாவதாக இலக்கியம் பயில்பவர் பாதி இலக்கிய மாணவர் அல்லர், வேறொரு திசையிலிருந்து வருபவர்.

தமிழ் மரபுக்கு இது புதியதும் அன்று. பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் பாடியது என்று அதன் பழைய குறிப்பு கூறுகிறது. அரசாளும் தொழிலுடைய ஒருவனுக்கு, அவனுக்குப் புறமொழியான ஒரு மொழியின் இலக்கிய நெறியைக் கற்பிக்கப் புலவர் கைக்கொண்டது இலக்கண விதிகளின் தொகுப்பு அன்று; தலைவியும் தோழியும் தினைப்புனம் காத்து, அருவியாடி, பூக்கொய்து விளையாடும் ஒரு மலைச்சாரலை 261 அடிகளில் கண்முன் நிறுத்திய ஒரு கவிதை. தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் அதில் அடுக்கப்பட்டிருப்பது, இலக்கியம் கற்பித்தலும் நிலத்தை அறிவித்தலும் கபிலருக்கு ஒரே செயலாக இருந்ததைக் காட்டுகிறது. பழனி மலை சங்கப் பாடல்களில் பொதினி என்று பெயர் பெற்ற ஆவியர் குடியின் நிலம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் நாடு. பேகனைப் பாடியோருள் கபிலரும் ஒருவர். ஆங்கில இலக்கியத்தை இம்மலைமீது கற்பிக்க முனைவோர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய முன்மாதிரி கபிலரே.

கபிலரின் குறிஞ்சி ஆங்கிலத்துக்குச் சென்ற வழியும் இதையே வலியுறுத்துகிறது. யாழ்ப்பாணத்துக் கல்வியாளர் ஜே. வி. செல்லையா பத்துப்பாட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1946-இல் வெளியிட்டார். ஏ. கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் பயின்றவர்; மதுரைத் தியாகராசர் கல்லூரியில் சிறிது காலம் ஆங்கிலம் கற்பித்தவர்; பின்னர் மொழியியலுக்குச் சென்று, சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் சங்கப் பாடல்களைக் கண்டெடுத்து, குறுந்தொகையிலிருந்து தேர்ந்த பாடல்களின் மொழிபெயர்ப்பை 1967-இல் நூலாக்கினார். அவருடைய ஆங்கில வரிகளின் சிக்கனம் நவீன ஆங்கிலக் கவிதையை நுணுக்கமாகப் படித்த ஒருவருக்கே கைவரும். உலகின் பல நாட்டு வாசகர் குறிஞ்சித்திணையை முதன்முதலில் அறிந்தது அவர் வழியாகத்தான். ஆங்கில இலக்கியக் கல்வி ஒருவரைத் தம் நிலத்திலிருந்து அயலாக்கிவிடும் என்ற அச்சம் அடிப்படையற்றது அன்று. ஆனால் அதுவே அக்கல்வியின் தவிர்க்கவியலாத முடிவும் அன்று என்பதற்கு இம்மொழிபெயர்ப்புகள் சான்று.

இனி எழுத்துப் பயிற்சி. இலக்கியத் துணைப்பாடத்தோடு எழுத்தைச் சேர்க்கும்போது கதையும் கவிதையும் மட்டுமே பலர் மனத்தில் தோன்றுகின்றன. அவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் பழனி மலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நல்ல உரைநடையின் பெரும்பகுதி தாவரவியலாளர்களுடையது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன் நீலகிரி, பழனி மலைமுகடுகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் வெளியிட்ட தொகுதிகளும், இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ 1999-இல் வெளியிட்ட பழனி மலைத் தாவரநூலும் ஓர் இலையின் விளிம்பை, ஒரு மயிரின் நீளத்தை, ஒரு மலரின் நிறமாற்றத்தைச் சொற்களால் பிழையின்றி நிறுத்தும் கலையைக் கொண்டவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-இல் இம்மலையில் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்கும். அப்பூப்பை இன்று கல்லூரியில் சேரும் ஒரு தாவரவியல் மாணவி, அறிவியல் விவரிப்பாகவும் பொதுவாசகருக்கான கட்டுரையாகவும் எழுதக் கற்றிருந்தால், அதைவிடச் சிறந்த துணைப்பாடப் பயன் வேண்டியதில்லை.

2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் தன்மை அது விளையும் இடத்தோடு பிரிக்கமுடியாதபடி இணைந்தது என்பதை ஏற்று வழங்கப்படும் சட்டப்பாதுகாப்பு அது. அதற்கான முயற்சியில் கொடைக்கானலிலுள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பவியல் துறைக்கு முக்கியப் பங்கு உண்டு. அத்தகைய விண்ணப்பம் ஒன்றில் பயிரின் வரலாறு, மண், தட்பவெப்பம், பயிரிடும் முறை, பிற பூண்டிலிருந்து அதன் வேறுபாடு ஆகிய அனைத்தும் ஆதாரத்தோடு எடுத்துரைக்கப்பட வேண்டும். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் உழவர்கள் வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டு, அதன் சுவை கெடாமல், சட்டம் ஏற்கும் ஆங்கிலத்தில் எழுதுவது ஆய்வகத் திறனால் மட்டும் முடிவதன்று.

இதன் மறுபக்கமும் கொடைக்கானலில் உண்டு. பாதரச வெப்பமானி செய்துவந்த தொழிற்சாலை ஒன்று, பாதரசம் கலந்த கழிவு பற்றிய எதிர்ப்பை அடுத்து 2001-இல் மூடப்பட்டது. அளவீடுகளும் மருத்துவ அறிக்கைகளும் ஆங்கிலத்தில் இருந்தன. தொழிலாளர்களின் உடல் அனுபவமோ தமிழில் இருந்தது. 2015-இல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் இப்பிரச்சினையை ஆங்கில ராப் பாடலாக்கி வெளியிட்டபோது உலகெங்கும் அது பேசப்பட்டது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு அத்தொழிற்சாலையை நடத்திய நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆண்டுக்கணக்கான போராட்டமே அவ்வுடன்பாட்டின் அடித்தளம், பாடல் மட்டுமன்று. எனினும் இரு மொழிகளுக்கும் இரு வகை அறிவுக்கும் இடையில் நிற்கக்கூடிய எழுத்தாளர் முன்பே அங்கே பலர் இருந்திருப்பார்களாயின் அத்தொழிலாளர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்திருக்காது என்று எண்ணாமல் இருக்கமுடியவில்லை.

1984-இல் தமிழ்நாடு சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும், பழனியிலும் நிலக்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள மகளிர் கல்லூரிகளும் இத்தகைய துணைப்பாடத்துக்கு மிகத் தகுந்த இடங்கள். அங்கே பயிலும் மாணவியரில் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் அச்சத்தின் மொழி. பிழை கண்டுபிடிக்கப்படும் மொழி. இலக்கியம் அவ்வச்சத்தைக் கூட்டிவிடும் என்று சிலர் கருதி, தொழில்சார் கடிதமும் நேர்முகத் தேர்வு உரையாடலும் போதும் என்கின்றனர். இக்கருத்து கனிவுடையதுபோல் தோன்றினும் உண்மையில் கடுமையானது; சொகுசாக வளர்ந்தவர்க்கு ஷேக்ஸ்பியரும் உழவர் மகளுக்கு விண்ணப்பப் படிவமும் என்று கல்வியை அது பங்கிடுகிறது. இதே மலையில் 1901-இல் மிஷனரி குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டு, இன்று கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக விளங்கும் நிறுவனத்தில், இலக்கியத்தைக் கலந்துரையாடியும் எழுதியும் கற்கும் முறை இயல்பான ஒன்று. அது அடிவாரக் கல்லூரிக்கு எட்டாத ஆடம்பரமாகவே இருக்கவேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நடைமுறைத் தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவது தேர்வுமுறை. பெரும்பாலான இணைவுக் கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண்ணும் பருவ இறுதித் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் உரியவை. மூன்று மணிநேரத் தேர்வில் ஒரு கட்டுரையின் முதல் வரைவு மட்டுமே எழுதப்படமுடியும். எழுத்துக் கல்வியின் உயிரோ இரண்டாம் வரைவில் இருக்கிறது. எனவே இவ்விகிதத்தை இப்பாடத்துக்கேனும் தலைகீழாக்கி, மாணவியின் எழுத்துகளை அவற்றின் வரைவுகளோடும் ஆசிரியர் குறிப்புகளோடும் கோவையாகத் தொகுத்து மதிப்பிடுவது இன்றியமையாதது. இவ்வாறு செய்தால் விடைக்குறிப்பு நூல்களை மனப்பாடம் செய்யும் வழக்கமும் தானே பயனிழக்கும். இரண்டாவது பாடநூல்களின் தேர்வு. சாசரில் தொடங்கி நூற்றாண்டு நூற்றாண்டாக இறங்கிவரும் இலக்கிய வரலாற்றுச் சுருக்கம் துணைப்பாடத்துக்கு ஒவ்வாது. பெயர்களும் ஆண்டுகளும் நினைவில் நிற்க, ஒரு படைப்பும் நெஞ்சில் நில்லாமல் போகும். ஒரு பருவத்துக்கு மூன்று அல்லது நான்கு நூல்கள், அவற்றையும் சொல் சொல்லாக நின்று வாசிக்கும் நுண்வாசிப்பு முறையில் படிப்பதே போதும். இந்திய ஆங்கில எழுத்தும் மொழிபெயர்ப்பும் அவற்றில் இடம்பெறுவது எளிது. கொடைக்கானலில் 1845-இல் முதல் வீடுகளைக் கட்டிய அதே அமெரிக்க மதுரை மிஷனின் கல்விப் பணியிலிருந்து வளர்ந்த மதுரை அமெரிக்கன் கல்லூரியில், இந்திய ஆங்கில இலக்கியத்துக்கும் மொழிபெயர்ப்புக்குமான தனி ஆய்வு மையமும் காவ்ய பாரதி என்னும் கவிதை இதழும் 1980களிலேயே உருவாகிவிட்டன.

மூன்றாவதும் மிகக் கடினமானதும் ஆசிரியரின் நேரம். அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொரு மாணவியும் பருவத்துக்கு நான்கு கட்டுரைகளை இரண்டிரண்டு வரைவுகளாக எழுதினால் 480 வரைவுகள் ஒரே ஆசிரியரின் மேசைக்கு வந்துசேரும். கற்பித்தல் பணிச்சுமையைக் கணக்கிடும்போது வகுப்பில் நிற்கும் மணிகள் மட்டுமே எண்ணப்படுகின்றன. வரைவைப் படித்து ஓரத்தில் குறிப்பெழுதும் மணிகள் எண்ணப்படுவதில்லை. அவையும் பணியாகக் கணக்கிடப்பட்டு, எழுத்து வகுப்பின் எண்ணிக்கை இருபது அல்லது இருபத்தைந்துக்குள் நிறுத்தப்பட்டால்தான் இப்பாடம் ஏட்டளவில் நில்லாமல் நடைபெறும். தற்காலிக மதிப்பூதியத்தில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர்கள்மீது இச்சுமையை ஏற்றிவிட்டு ஒரு புதிய பாடத்தை அறிவிப்பது அறமன்று. முதன்மைத்துறை ஆசிரியரும் இதில் பங்கேற்பது நன்று: தாவரவியல் மாணவியின் கட்டுரையைத் தாவரவியல் பேராசிரியர் பொருளுக்காகவும் ஆங்கிலப் பேராசிரியர் உரைநடைக்காகவும் படித்து, இருவரின் குறிப்புகளையும் ஒரே தாளில் பெற்று அவள் மூன்றாம் பருவத்திலேயே எழுதத் தொடங்கினால், இறுதியாண்டுத் திட்டக் கட்டுரையை அவளே தன் சொற்களில் எழுதி முடிக்க முடியும்.